புரதம் செறிவாக மறுக்கிறதா? அல்ட்ராஃபில்ட்ரேஷன் சிக்கல்களை அறிகுறி பார்த்துச் சரிசெய்தல்

அல்ட்ராஃபில்ட்ரேஷன் என்பது புரதக் கரைசலை நுண்துளைச் சவ்வுள்ள ஃபில்டரில் ஊற்றி, பெரும்பாலும் சென்ட்ரிஃப்யூஜில் (வேகமாகச் சுழற்றும் கருவி) சுற்றி, நீரை இறக்கிப் புரதத்தை மேலே செறிவாக்குவது. இதில் என்ன சிக்கலாக இருந்தாலும் சரி, முதலில் ஒன்று: வடிநீரைக் கொட்டிவிடாதீர்கள். ஃபில்டரின் அடியில் இறங்கிய திரவம், கழுவிய பஃபர் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல்), ஃபில்டரே கூட, எல்லாம் மேசைமேல் இருக்கட்டும். புரதம் எங்கே இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த பிறகு கொட்டிக்கொள்ளலாம். நான் ஒருமுறை மூன்று நாள் தூய்மையாக்கிய புரதத்தின் வடிநீரைப் பழக்கதோஷத்தில் சிங்க்கில் ஊற்றினேன். அதன்பிறகு மேல் கரைசலை அளந்தால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அந்த டியூப் கையில் இருந்திருந்தால் இன்னொரு ஃபில்டரில் போட்டு ஒரு மணி நேரத்தில் மீட்டிருப்பேன்.

இரண்டாவது, ஏற்றுவதற்கு முன் 20 மைக்ரோலிட்டர் தனியே எடுத்து வையுங்கள். கனஅளவையும் 280 நானோமீட்டர் அளவீட்டையும் (அந்த அலைநீளத்தில் புரதம் ஒளியை உறிஞ்சும், அதிலிருந்து செறிவு தெரியும்) குறித்துக்கொள்ளுங்கள். முடிவில் மேல் கரைசல், வடிநீர் இரண்டிலும் உள்ள புரதத்தை மில்லிகிராமில் கூட்டி, ஏற்றியதோடு ஒப்பிடுங்கள். கணக்கு ஒத்துப்போகிறதா, குறைகிறதா, குறைந்தால் எந்தப் பக்கம் என்று தெரிந்தாலே பாதிச் சிக்கல் முடிந்தது.

இன்னொரு விஷயத்தையும் மனதில் வையுங்கள், கீழே பல இடங்களில் திரும்ப வரும். சென்ட்ரிஃப்யூஜ் சுற்றும்போது திரவம் சவ்வை நோக்கி ஓடுகிறது. நீரும் உப்பும் கடந்து போகின்றன, புரதம் சவ்வின் வாசலில் தேங்குகிறது. அதனால் சவ்வை ஒட்டிய மெல்லிய படலத்தில் புரதத்தின் செறிவு, டியூபின் சராசரியைவிடப் பல மடங்கு இருக்கும். கான்சன்ட்ரேஷன் போலரைசேஷன் என்பது இதைத்தான். நீங்கள் பிப்பெட்டில் எடுத்து அளப்பது சராசரியை. புரதம் அனுபவிப்பதோ அந்தப் படலத்தை. வேகம் குறைவது, கலங்குவது, ஒட்டிக்கொள்வது எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.

தொடக்கத்திலிருந்தே திரவம் இறங்கவில்லை

முதலில் வேகத்தைச் சரிபாருங்கள். ஃபில்டரின் உறைமேல் போட்டிருப்பது ஜி (புவியீர்ப்பைப்போல் எத்தனை மடங்கு விசை), சென்ட்ரிஃப்யூஜில் பலர் அடிப்பது ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று). இரண்டும் ஒன்றல்ல. ரோட்டரின் (டியூப்களைத் தாங்கிச் சுழலும் பாகம்) ஆரத்தை சென்டிமீட்டரில் எடுத்து, ஆர்பிஎம்மின் வர்க்கத்தால் பெருக்கி, 0.00001118-ஆல் பெருக்கினால் ஜி கிடைக்கும். 17 சென்டிமீட்டர் ஆரமுள்ள ரோட்டரில் 4,000 ஆர்பிஎம் என்பது சுமார் 3,000 ஜி-தான். 4,000 ஜி வேண்டிய ஃபில்டருக்கு அது குறைவு.

அடுத்து ரோட்டர். டியூப் ஊசலாடிக் கிடைமட்டமாகும் ஸ்விங் பக்கெட்டில் கவலையில்லை. டியூப் சாய்ந்தே நிற்கும் நிலைக்கோண ரோட்டரில் ஃபில்டரை எந்தப் பக்கம் திருப்பி வைக்கிறோம் என்பது முக்கியம். சவ்வுப் பலகை எந்தத் திசையைப் பார்க்கவேண்டும் என்று உற்பத்தியாளரின் தாளில் படமே இருக்கும். தவறாக வைத்தால் திரவம் சவ்வின் ஒரு மூலையை மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும்.

அப்புறம் பாகுத்தன்மை. குளிர் அறையில் 4 டிகிரியில் நீரின் பாகுத்தன்மை 25 டிகிரியில் இருப்பதைவிட ஏறக்குறைய 1.8 மடங்கு. பஃபரில் 20% கிளிசரால் இருந்தால் அதன்மேல் இன்னும் இரு மடங்கு. இரண்டும் சேர்ந்தால், சாதாரண பஃபரில் 20 நிமிடத்தில் முடிவது ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். இது பழுதல்ல, பொறுத்திருங்கள். முடிந்தால் கிளிசராலைச் செறிவாக்கிய பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். 8 மோலார் யூரியாவும் பாகாக இருக்கும். குளிரில் அது படிகமாகிச் சவ்வை அடைப்பதும் உண்டு, அதை அறை வெப்பநிலையிலேயே செய்வது நல்லது.

இதெல்லாம் சரியாக இருந்தும் இறங்கவில்லை என்றால், மாதிரியில் துகள் இருக்கிறது. செல் சிதைவுகளும், காலத்தில் (புரதத்தைப் பிரித்தெடுக்கும் குழாய், column) நிரப்பிய பீடு மணிகளின் துணுக்குகளும் சவ்வின் முகத்தை முதல் நிமிடத்திலேயே மூடிவிடும். ஏற்றுவதற்கு முன் 15,000 ஜி-யில் 10 நிமிடம் சுற்றித் தெளிவை மட்டும் எடுங்கள், அல்லது 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடியுங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகும் ஆசை எல்லோருக்கும் வரும். தாண்டக்கூடாது.

கட்-ஆஃப் (சவ்வு எவ்வளவு எடையுள்ள மூலக்கூறைத் தடுக்கும் என்ற எண், 3 கே என்றால் 3 கிலோடால்டன்; டால்டன் மூலக்கூறு எடையின் அலகு) சிறியதாக இருந்தாலும் மெதுவாகத்தான் போகும். 60 கிலோடால்டன் புரதத்தை 3 கே ஃபில்டரில் போட்டுக் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். புரதத்தின் எடையில் பாதிக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடைப்பட்ட கட்-ஆஃப் போதும். 60-க்கு 30 கே சரியாக இருக்கும், எச்சரிக்கையாக வேண்டுமென்றால் 10 கே.

நன்றாக ஓடி, நடுவில் நின்றுவிட்டது

இது வேறு சிக்கல். இங்கே பலர் செய்யும் தவறு வேகத்தைக் கூட்டுவது. கூட்டினால் படலம் இன்னும் இறுகும். ஒரு எல்லைக்குமேல் அழுத்தம் ஏற ஏற ஓட்டம் ஏறாது, படலம்தான் தடிக்கும்.

செய்யவேண்டியது கலக்குவது. ஐந்து முதல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, பிப்பெட்டால் மேல் கரைசலை உறிஞ்சி, சவ்வின் முகத்தின்மேல் மெதுவாக வழியவிடுங்கள். குமிழி வரக்கூடாது, முனை சவ்வைத் தொடக்கூடாது. ஒரே ஓட்டமாக 40 நிமிடம் விடுவதைவிட எட்டு நிமிடமாக ஐந்து முறை விடுவது பெரும்பாலும் சீக்கிரம் முடியும், புரதமும் பத்திரம்.

கலக்கியும் நகரவில்லை, கரைசல் முனையிலிருந்து நூல்போல் இழுபடுகிறது என்றால் அது டிஎன்ஏ. 260 நானோமீட்டர் உறிஞ்சலுக்கும் 280 நானோமீட்டர் உறிஞ்சலுக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். சுத்தமான புரதத்தில் அது 0.6-ஐ ஒட்டி இருக்கும். 1-ஐத் தாண்டினால் நியூக்ளிக் அமிலம் கணிசமாக இருக்கிறது. மெக்னீசியத்தோடு டிஎன்ஏஸ் (டிஎன்ஏ-யை வெட்டும் நொதி) சேர்த்து வைத்துவிட்டு, முந்தைய படிக்குத் திரும்புங்கள். புரதமே டிஎன்ஏ-யைப் பிடித்துக்கொண்டிருந்தால் அதிக உப்பில் ஒரு கழுவல், அல்லது ஹெபாரின் காலம் தேவைப்படும்.

டிடர்ஜென்ட் இருந்தால் மிசெலை (டிடர்ஜென்ட் மூலக்கூறுகள் கூடித் திரளும் உருண்டை) யோசியுங்கள். டிடிஎம் என்ற டிடர்ஜென்டின் மிசெல் சுமார் 70 கிலோடால்டன், ட்ரைட்டான் எக்ஸ்-100 மிசெல் 90-ஐ ஒட்டியது. 30 கே அல்லது 50 கே ஃபில்டரில் புரதத்தோடு சேர்ந்து மிசெலும் மேலே தங்கிச் செறிவாகும். 0.02%-இல் தொடங்கிய டிடிஎம் பத்து மடங்கு செறிவாக்கலில் 0.2%-ஐ நெருங்கிவிடலாம். கரைசல் பாகாவதும், பிறகு படிகமாக்கல் தோற்பதும் இதனால்தான். மெம்பிரேன் புரதம் (செல்லின் சவ்வில் இருக்கும் புரதம்) தன்னைச் சுற்றிய டிடர்ஜென்டோடு சேர்ந்து பெரிதாக இருப்பதால், பல நேரங்களில் 100 கே ஃபில்டரிலேயே அது தங்கும், வெறும் மிசெல்களில் பெரும்பகுதி இறங்கிவிடும். சாப்ஸ் என்ற டிடர்ஜென்ட் வேறு மாதிரி. அதன் மிசெல் 6 கிலோடால்டன் அளவுதான், 30 கே-யில் தாராளமாகப் போகும்.

வெள்ளையாகக் கலங்குகிறது, செதில் தெரிகிறது

இந்த அறிகுறியில்தான் அதிகம் நிதானம் வேண்டும். உடனே நிறுத்துங்கள். கரைசலை மெதுவாக எடுத்து, 15,000 ஜி-யில் சுற்றி, தெளிவையும் வீழ்படிவையும் பிரித்து, இரண்டையும் ஜெல்லில் (புரதங்களை எடைவாரியாகப் பட்டைகளாகப் பிரிப்பது) ஓட்டிப் பாருங்கள். வீழ்ந்தது உங்கள் புரதமா, கூட வந்த அழுக்கா என்பதை ஊகிக்கவேண்டாம். அழுக்கு மட்டும் வீழ்ந்திருந்தால் உங்களுக்கு லாபமே.

வீழ்ந்தது உங்கள் புரதம் என்றால், கேள்வி எந்தச் செறிவில் கலங்கியது என்பது. டியூபின் சராசரி மில்லிக்கு 4 மில்லிகிராம் இருக்கும்போதே கலங்கினாலும், சவ்வை ஒட்டி அது எவ்வளவோ மேலே போயிருக்கும். ஆகவே புரதத்தின் கரைதிறன் 4 என்று முடிவுகட்டாதீர்கள். வேகத்தைப் பாதியாக்கி, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை கலக்கி ஒருமுறை முயன்று பாருங்கள். இதிலேயே பலருக்குச் சரியாகிவிடும்.

ஆகாவிட்டால் பஃபர். பிஎச் புரதத்தின் ஐசோ எலக்ட்ரிக் புள்ளிக்கு (அதன் நிகர மின்னூட்டம் சுழியமாகும் பிஎச்) ஓர் அலகுக்குள் இருந்தால் முதலில் அதிலிருந்து விலகுங்கள். உப்பு 50 மில்லிமோலாரில் இருந்தால் 150, பிறகு 300 என்று ஏற்றிப் பாருங்கள். சில புரதங்கள் நேர்மாறாக உப்பு குறைந்தால்தான் கரையும், அதையும் விட்டுவிடாதீர்கள். 5 முதல் 10% கிளிசரால், அல்லது அர்ஜினினும் குளூட்டமேட்டும் தலா 50 மில்லிமோலார் என்பது எனக்குப் பலமுறை கைகொடுத்த சேர்க்கை. வெளியே தெரியும் சிஸ்டீன் உள்ள புரதமானால் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் டிடிடி அல்லது டிசெப்பைப் புதிதாகக் கரைத்துப் போடுங்கள். நேற்றைய பஃபரில் இருந்த டிடிடி இன்று வேலை செய்கிறது என்று நம்பவேண்டாம்.

நிக்கல் காலத்திலிருந்து நேராக வந்த மாதிரிக்கு ஒரு தனிக் குறிப்பு. அதில் அதிக இமிடசோல் (புரதத்தை அந்தக் காலத்திலிருந்து விடுவிக்கச் சேர்ப்பது) இருக்கும், கூடவே கசிந்த நிக்கலும் கொஞ்சம் வரும். ஹிஸ் வால் (நிக்கலைப் பிடிக்கும் ஹிஸ்டிடீன் வரிசை) உள்ள புரதங்களை அந்த நிக்கல் ஒன்றோடொன்று கோத்துவிடும். காலத்திலிருந்து இறங்கியதும் 1 மில்லிமோலார் ஈடிடிஏ (உலோகத்தைக் கவ்வும் பொருள்) சேர்த்துவிட்டுச் செறிவாக்கினால் கலங்கல் நின்றுபோவதைப் பார்க்கலாம். உங்கள் புரதமே உலோகம் தாங்கியது என்றால் இதைச் செய்யாதீர்கள், அதற்குப் பதில் சிறு மூலக்கூறுகளைப் பிரிக்கும் டீசால்டிங் காலத்தில் ஒருமுறை ஓட்டுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத கலங்கலும் உண்டு. 320 நானோமீட்டரில் புரதம் ஒளியை உறிஞ்சாது. அங்கே அளவீடு சுழியத்திலிருந்து தெளிவாக உயர்ந்திருந்தால், திரட்சிகள் ஒளியைச் சிதறடிக்கின்றன என்று பொருள்.

புரதம் வடிநீரில் இருக்கிறது

முதலில் புரதத்தை மீட்டுக்கொள்ளுங்கள், காரணம் அப்புறம். வடிநீரைப் புதிய, சிறிய கட்-ஆஃப் ஃபில்டரில் ஏற்றுங்கள்.

காரணம் பெரும்பாலும் கட்-ஆஃப் என்ற எண்ணைக் கறாரான வேலியாக நினைப்பது. 10 கே என்றால், 10 கிலோடால்டன் எடையுள்ள உருண்டையான புரதத்தில் சுமார் 90% தங்கும் என்ற அளவிலான வாக்குறுதி மட்டுமே. 90% நல்ல எண்ணாகத் தோன்றும். ஆனால் மேல் கனஅளவை மாற்றாமல் ஐந்து மடங்கு பஃபரால் கழுவினால், அந்த 10% கசிவு ஒவ்வொரு கணமும் நடந்துகொண்டே இருக்கும். முடிவில் மேலே மிஞ்சுவது சுமார் 61%. அதுவே 99% தங்கும் சவ்வாக இருந்தால் 95% மிஞ்சும். கழுவக் கழுவப் புரதம் குறைகிறது என்ற புகாரின் கணக்கு இதுதான்.

எடை சரியாக இருந்தும் போகிறதென்றால் வடிவத்தை யோசியுங்கள். நீளமான, மடிப்பில்லாத புரதங்கள் துளை வழியே தலைநுழைத்துப் போகும். இன்னொன்று, 40 கிலோடால்டன் என்று நினைப்பது இரண்டு 20-கள் சேர்ந்த டைமராக இருக்கலாம். நீர்த்த கரைசலில் அவை பிரிந்தால் 30 கே சவ்வு 20-ஐ நிறுத்தாது. வடிநீரை ஜெல்லில் ஓட்டினால், போனது முழுப் புரதமா, புரோட்டியேஸ் வெட்டிய துண்டா என்பதும் தெரிந்துவிடும்.

திடீரென்று, வழக்கமாக வேலை செய்யும் ஃபில்டரில் மொத்தமும் இறங்கிவிட்டால் சவ்வு கிழிந்திருக்கிறது. வேலை செய்யும் தோல் சவ்வின் மேல்முகத்தில் மிக மெல்லிய அடுக்கு மட்டுமே. கீழே இருக்கும் தடித்த பகுதி வெறும் தாங்கி. பிப்பெட் முனை ஒருமுறை கீறினால் போதும். கரிமக் கரைப்பான்களும் இதைச் செய்யும், எந்தச் சவ்வு எதைத் தாங்கும் என்பதைத் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் மில்லிக்கு 1 மில்லிகிராம் பிஎஸ்ஏ (மாட்டுச் சீரம் ஆல்புமின் புரதம்) கரைசலை ஓட்டுங்கள். 66 கிலோடால்டனான அது 30 கே-யில் வடிநீரில் தெரியவே கூடாது.

மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை

கணக்கு இரு பக்கமும் குறைந்தால் புரதம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சவ்விலும் ஒட்டும், பிளாஸ்டிக் சுவரிலும் ஒட்டும். ஒரு மில்லியில் 10 மைக்ரோகிராம் மட்டுமே உள்ள மாதிரியில் சில மைக்ரோகிராம் ஒட்டிக்கொண்டாலே பெரிய இழப்பு. 10 மில்லிகிராம் ஏற்றுபவருக்கு அதே இழப்பு தெரியக்கூட தெரியாது. அதனால் நீர்த்த மாதிரிக்குப் பெரிய ஃபில்டர் எடுக்காதீர்கள், சவ்வின் பரப்பு கூடக் கூட இழப்பும் கூடும்.

ரீஜெனரேட்டட் செல்லுலோஸ் சவ்வில் பொதுவாக ஒட்டுதல் குறைவு, பாலிஈத்தர்சல்ஃபோனில் கொஞ்சம் அதிகம். ஒன்றில் இழந்தால் மற்றதை முயலுங்கள். முன்பூச்சும் உதவும்: 1% பிஎஸ்ஏ அல்லது 5% ட்வீன்-20 டிடர்ஜென்ட் கரைசலை ஃபில்டரில் ஓரிரவு விட்டு, நன்றாகக் கழுவிப் பயன்படுத்துவது. பிஎஸ்ஏ போட்டால் பின்னால் ஜெல்லில் 66-இல் ஒரு பட்டை வரலாம். ட்வீனும் மிசெலாகத் தங்கும். எதைப் பொறுத்துக்கொள்ள முடியும் என்பதை உங்கள் அடுத்த சோதனை முடிவுசெய்யட்டும்.

இதற்கு முன் எளிய மீட்பு ஒன்று: மேல் கரைசலை எடுத்தபின் 50 மைக்ரோலிட்டர் பஃபரைச் சவ்வின்மேல் பலமுறை வழியவிட்டு எடுங்கள். கவிழ்த்துச் சுற்றும் வகை ஃபில்டரானால் 1,000 ஜி-யில் இரண்டு நிமிடம். கணக்கில் குறைந்ததில் ஒரு நல்ல பங்கு இங்கே திரும்பி வரும்.

வறண்டுவிட்டது

பல ஃபில்டர்களின் அடியில் ஒரு சிறு பள்ளம் திரவத்தைக் கடைசிவரை பிடித்து வைக்கும். எல்லாவற்றிலும் அது இல்லை. வறண்டிருந்தால் வேண்டிய கனஅளவு பஃபரை விட்டு, பனிக்கட்டிமேல் பத்து இருபது நிமிடம் ஊறவிட்டு, மெதுவாகக் கழுவி எடுங்கள். எடுத்ததைச் சுற்றித் தெளிவாக்கி, திரட்சி இருக்கிறதா என்று அளவுவாரியாகப் பிரிக்கும் சைஸ் எக்ஸ்குளூஷன் காலத்தில் பார்த்த பிறகே பயன்படுத்துங்கள்.

உப்போ இமிடசோலோ போகவே இல்லை

செறிவாக்குவதால் உப்பின் செறிவு குறையாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். 15 மில்லியை 1 மில்லியாக்கினால் புரதம் 15 மடங்கு ஏறும். இமிடசோல் 500 மில்லிமோலாரிலேயே நிற்கும், கனஅளவுதான் குறைந்தது. புதுப் பஃபர் ஊற்றினால்தான் குறையத் தொடங்கும். 1 மில்லியைப் புதுப் பஃபரால் 15 ஆக்கி மறுபடி 1-க்குக் கொண்டுவந்தால் இமிடசோல் 33 மில்லிமோலார். இன்னொருமுறை 2.2. மூன்றாம் முறை 0.15.

கையில் இருக்கும் பஃபரைப் பிரித்து ஊற்றுவது நல்லது. 14 மில்லியை ஒரே தடவை ஊற்றினால் 15-இல் ஒரு பங்கு மிஞ்சும். அதையே 7, 7 என்று இரு தடவை ஊற்றினால் 64-இல் ஒரு பங்கு. அளவு ஒன்றே, பலன் நான்கு மடங்கு. ஒவ்வொரு முறையும் ஊற்றியபின் கலக்குங்கள். பஃபர் மேலே நிற்க, செறிவான புரதம் அடியில் தனியாகக் கிடந்தால் கழுவல் நடக்காது.

அழுக்குப் புரதம் பிரியவில்லை

பிரியாது. 30 கிலோடால்டன் புரதத்தையும் 60 கிலோடால்டன் புரதத்தையும் சவ்வால் பிரிக்க முடியும் என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். எடையில் பத்து மடங்கு வித்தியாசம் இருந்தால்தான் முயற்சி பலிக்கும். மற்றபடி அது பிரிப்புக் காலத்தின் (column) வேலை.

அளவு நன்றாக இருக்கிறது, ஆனால் நொதி வேலை செய்யவில்லை

வடிநீரின் நிறத்தைப் பாருங்கள். எஃப்ஏடி அல்லது பிஎல்பி என்ற கோஃபாக்டரை (நொதி வேலை செய்யத் தேவையான துணை மூலக்கூறு) தாங்கிய நொதியானால், மங்கலான மஞ்சள் கீழே இறங்கியிருக்கும். தளர்வாகப் பிடிக்கப்பட்ட கோஃபாக்டரும் உலோக அயனியும் சவ்வுக்கு வெறும் சிறு மூலக்கூறுகள்தான், கழுவலில் போய்விடும். கோஃபாக்டரை 10 முதல் 100 மைக்ரோமோலார் அளவில் திரும்பச் சேர்த்து, சிறிது நேரம் வைத்து, மறுபடி சோதியுங்கள். செயல் திரும்பினால் அடுத்த முறை கழுவும் பஃபரிலேயே அதைச் சேர்த்துவிடுங்கள். திரும்பாவிட்டால் திரட்சியைத் தேடுங்கள்.

செயல் குறையாமல், அளவுதான் பொய்யாக இருப்பதும் உண்டு. பிளாங்காக (சுழியம் குறிக்கும் ஒப்பீட்டுத் திரவமாக) எந்தப் பஃபரை வைத்தீர்கள்? ட்ரைட்டான், ஆக்சிஜனேற்றமான டிடிடி, அதிக இமிடசோல் எல்லாம் 280-இல் உறிஞ்சும். புதுப் பஃபரைவிடக் கடைசி வடிநீர்தான் சிறந்த பிளாங்க், ஏனென்றால் அது உங்கள் புரதத்தைச் சுற்றியிருக்கும் அதே திரவம். மிசெலாக மேலே தங்கும் ட்ரைட்டானை மட்டும் இதனால் கழிக்க முடியாது.

புதிய சவ்வில் காய்ந்துபோகாமல் இருக்கக் கிளிசரின் தடவியிருப்பார்கள். மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிக்கோ சர்க்கரைச் சோதனைக்கோ போகும் மாதிரியென்றால் முதலில் நீர் அல்லது பஃபரால் கழுவுங்கள். பிடிவாதமாக இருந்தால் 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு ஒருமுறை, பிறகு இரண்டு முறை நீர். ஒருமுறை நனைத்த சவ்வைக் காயவிடக்கூடாது, மாதிரி தயாராகும்வரை மேலே கொஞ்சம் பஃபர் நிற்கட்டும்.

கலக்கும் செல்லிலும் குறுக்கோட்டக் கருவியிலும்

கலக்கும் செல்லில் ஒரு கிளறி சுழலும், குறுக்கோட்டக் கருவியில் திரவம் சவ்வின் முகத்தை ஒட்டி ஓடிக்கொண்டே இருக்கும். கதை அதேதான், கலக்கும் வேலையை மட்டும் கருவி செய்கிறது. கலக்கும் செல்லில் சுழலின் பள்ளம் திரவ ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நுரை வரும், நுரையில் புரதம் சிதையும். குறுக்கோட்டக் கருவியில் வடிநீர் குறைந்தால் அழுத்தத்தைக் கூட்டாமல் ஓட்டத்தைக் கூட்டிப் பாருங்கள். ஓட்டம் சவ்வின் முகத்தைத் துடைத்துக்கொண்டு போகும், அழுத்தம் படலத்தை இறுக்கும்.

குறுக்கோட்டக் கருவியின் சவ்வுக் கேசட்டைப் புதிதாக வாங்கிய அன்றே, குறிப்பிட்ட அழுத்தத்திலும் வெப்பநிலையிலும் வெறும் நீர் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று அளந்து எழுதி வையுங்கள். ஒவ்வொரு சுத்தம் செய்தலுக்குப் பிறகும் அதே அளவீட்டைத் திரும்ப எடுங்கள். எண் படிப்படியாக இறங்கிக்கொண்டே வந்தால், சோடியம் ஹைட்ராக்சைடு கழுவலில் போகாத ஏதோ உள்ளே படிந்திருக்கிறது. அந்தக் கேசட்டில் அரிதான மாதிரியை ஏற்றவேண்டாம்.

சிறிய சென்ட்ரிஃப்யூஜ் ஃபில்டரை அதே புரதத்துக்கு, அதே நாளில் மறுபடி பயன்படுத்துவதில் தவறில்லை. வேறு புரதத்துக்கு வேண்டாம்.